வட்டக் கோயிலுக்கு நேர்ந்த முடி

டாக்டர் கால் மணி நேரம் பேசினார். அதில் என் மண்டையில் ஏறியது ஒரே ஒரு விஷயம்தான். மருந்து ஏற்ற ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் தலைமுடி மொத்தமும் கொட்டிவிடும், அதற்குப் பிள்ளையைத் தயார்படுத்தி வையுங்கள் என்றார்.

பிள்ளை என்றால் என் மகள் சுபஸ்ரீ. ஒரே மகள், இருபத்துநாலு வயது. திருப்பூர் வேலம்பாளையத்தில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை முழுக்க அவள் கையில். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, அவர்கள் திட்டினால் வாங்கிக் கட்டிக்கொள்வது எல்லாம் அவள்தான். கழுத்தோரம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்திருக்கிறது. வலிக்கவில்லை என்று இரண்டு மாதம் துப்பட்டாவைப் போட்டு மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். கோயமுத்தூரில் கட்டியைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். அவளைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டு டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். படம் போட்டுக் காட்டினார், விரல் விட்டு எண்ணினார், ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். முடி என்ற சொல் வந்த பிறகு நான் அந்த அறையிலேயே இல்லை.

ஏனென்றால் அந்த முடியை நான் ஒரு சாமிக்கு நேர்ந்துவிட்டிருந்தேன். அவள் பிறப்பதற்கு நாலைந்து மாதம் முன்னாலேயே நேர்ந்தது. நேர்ந்தேனே தவிரக் கொடுக்கவில்லை. இருபத்தைந்து வருடம் பொறுத்துப் பார்த்த சாமி, இப்போது தானாகவே எடுத்துக்கொள்ளக் கிளம்பிவிட்டது என்று எனக்குப் பட்டது. முடியோடு விடுமா, ஆளையும் கேட்குமா?

நான் வெளியே வந்தபோது சுபஸ்ரீ முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். மருந்து போட்டால் சரியாகப் போய்விடும் என்றாரம்மா என்று சொன்னேன். சொன்ன குரல் எழவு வீட்டுக் குரல் மாதிரி எனக்கே கேட்டது. அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த நேர்த்தி நடந்தது ரோமாபுரியில். 1982 ஐப்பசி. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. குன்னத்தூர்த் தோட்டத்தை அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, வேலம்பாளையத்தில் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் நாலு தையல் மெஷின் போட்டிருந்தேன். ரோமில் ஒரு பையர், வெள்ளை டீ-ஷர்ட் வேண்டும் என்று கடிதம் எழுதியிருந்தார். நான் ஒரு பெட்டி நிறையச் சாம்பிளை அடைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன். இங்கிலீஷ் எனக்கு அரைகுறை, அவர்களுக்கு அதுவும் கிடையாது. பையர் ஆபீசில் ஒரு கிழவர் தினமும் "தொமானி" என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பினார். அப்படியென்றால் நாளைக்கு வா என்று அர்த்தம். நாலு நாள் நாளைக்கு வா. கையில் காய்ந்த ரொட்டி, உடம்பில் தாங்காத குளிர், ஊரில் என் மனைவி பொன்னாத்தாள் அஞ்சு மாதக் கர்ப்பம். வெறுங்கையோடு திரும்பினால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே பெரிய கவலை.

நாலாம் நாள் மத்தியானம் கால் போன போக்கில் நடந்தேன். கொலோசியம் பார்த்தேன், இடிந்த கல்மண்டபங்கள் பார்த்தேன், எதுவும் மனசில் ஒட்டவில்லை. ஆற்றோரமாகப் போனபோது ஒரு கோயில் தென்பட்டது. வட்டமாக, சுற்றிலும் ஓங்கி நிற்கும் தூண்களோடு, மேலே ஓடு வேய்ந்து, புகை பிடித்த அடுப்பு மாதிரிக் கருகிப்போய் நின்றது. கம்பிக் கதவு திறந்திருந்தது. வேலையாட்கள் சாப்பிடப் போயிருப்பார்கள் போல. உள்ளே போனேன். நடுக்கதவு பூட்டியிருந்தது. என்ன சாமி என்று எழுதியிருக்கவில்லை, எழுதியிருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரிந்திருக்காது.

நம் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு எல்லைச் சாமி. அந்த ஊரில் காரியம் ஆக வேண்டுமென்றால் அந்த ஊர்ச் சாமியைத்தான் கேட்க வேண்டும். எங்கள் குலசாமி குன்னத்தூர் எல்லையைத் தாண்டி அவிநாசிக்கே வராது, ரோமாபுரிக்கா வரும்? அதனால் அங்கேயே நின்று, சாம்பிள் பனியன் ஒன்றின் அடித்துணியைக் கிழித்து, ஒரு காசை வைத்து முடிந்தேன். மஞ்சள் துணியில்தான் முடிய வேண்டும், அங்கே மஞ்சளுக்கு எங்கே போக? வெள்ளைத் துணியோடே ஒரு தூணின் அடியில் இருந்த வெடிப்பில் திணித்தேன். "நீ எந்தச் சாமின்னு எனக்குத் தெரியாது. இந்தக் காரியம் மட்டும் முடிஞ்சுதுன்னா, பொன்னாத்தா வயித்துல இருக்கற தலைச்சன் புள்ளையெ இங்கெ கூட்டியாந்து உன்ற வாசல்ல முடி எறக்கறேன்" என்று வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் காலையில் கிழவர் நாளைக்கு என்று சொல்லவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். ஆர்டர் கைக்கு வந்தது. இன்றைக்கு எங்களிடம் இருப்பது எல்லாம் அந்தக் காப்பியில் ஆரம்பித்ததுதான்.

ஊர் வந்தேன், நிற்க நேரமில்லை. சுபஸ்ரீ பிறந்தாள். வழக்கப்படி தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குலசாமி கோயிலில் முடி எடுத்தார்கள். அப்போது ரோமில் நேர்ந்தது ஞாபகம் வந்தது. எந்தச் சாமிக்குக் கொடுத்தால் என்ன, முடி முடிதானே, சாமிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் அந்த ரோம் கம்பெனி மூடிவிட்டது. வேறு பையர்களைப் பார்க்க மிலானுக்கு இரண்டு தரம் போயிருக்கிறேன், பிளாரன்ஸுக்கு ஒரு தரம். ரோம் பக்கத்தில்தான், ரயிலில் ஏறினால் கொண்டுபோய் விட்டுவிடும். போகவில்லை. நேரமில்லை என்று மற்றவர்களிடம் சொன்னேன். பயம் என்று எனக்குத் தெரியும்.

பரிசோதனை முடிவு வந்த நாலாம் நாள் பொன்னாத்தாள் குலசாமி கோயிலில் பூவாக்குக் கேட்டாள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னப் பெண்ணை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் நல்லது என்று வைத்துக் கேட்டோம். சிவப்பு வந்தது. ஏதோ ஒரு வேண்டுதல் பாக்கி நிற்கிறது என்றார் பூசாரி. பொன்னாத்தாள் எந்த வேண்டுதலையும் மிச்சம் வைக்கிறவள் அல்ல. பழனிக் காவடி, சிவன்மலைப் படி, அவிநாசித் தேருக்கு உப்பு மிளகு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள், எல்லாம் தீர்ந்திருந்தது. கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் சொல்லிவிட்டேன். "எந்தச் சாமின்னே தெரியாமெ, என்ற வயித்துப் புள்ளையெ நேந்துட்டு வந்தீங்களா?" என்றாள். அதன் பிறகு இரண்டு நாள் பேச்சு இல்லை. தட்டு மட்டும் டக்கென்று வந்து விழும். மூன்றாம் நாள் பூசாரியிடம் தானே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு மொட்டை வேண்டாம், பூமுடி போதும், மூன்று விரல்கட்டை அளவு நறுக்கிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்றாராம். மருந்து ஏற்றி முடி தானாகக் கொட்டுவதற்குள் கொடுத்துவிட வேண்டும். கொட்டிய முடி காணிக்கையில் சேராது. ஒரு பையில் மஞ்சள் துணியும் கற்பூரமும் விபூதியும் போட்டு என் முன்னால் வைத்தாள்.

மருந்து ஆரம்பிக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஜெர்மனிக் கண்காட்சிக்குப் போவதற்காக எடுத்த விசா எனக்கும் மகளுக்கும் இருந்தது, அது இத்தாலிக்கும் செல்லும், பொன்னாத்தாளுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. டாக்டருக்குப் போன் போட்டேன். தாராளமாகப் போய்வாருங்கள், ஒரு வாரத்துக்குள் திரும்பிவிடுங்கள் என்றார். பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லிக் கூட்டிப்போங்கள் என்று பொன்னாத்தாள் படித்துப் படித்துச் சொன்னாள். நான் கேட்கவில்லை. சுபஸ்ரீ பதினைந்து வயதிலேயே பால்குடம் எடுக்க மாட்டேன் என்று நடு வாசலில் நின்று சண்டை போட்டவள். இங்கே சொன்னால் விமானம் ஏற மாட்டாள். அங்கே போய், அந்த இடத்தில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: மருந்து ஏற்றுவதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் ரோம் பார்த்துவிட்டு வந்துவிடலாம். "இப்பவேங்களா?" என்றாள். இப்பவே என்றேன். ஒரு நாள் லீவு போடச் சொன்னால் ஆயிரம் காரணம் கேட்கிறவள், சரிங்கப்பா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். எனக்குப் பெரிய நிம்மதி. மறுநாள் ஆபீசில் தன் உதவியாள் நதியாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு ஆர்டர் பைலையும் திறந்து விளக்கிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு முதற்கொண்டு எழுதிக் கொடுத்தாள். பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

மும்பையில் விமானம் மாறி உட்கார்ந்த பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "டாக்டர் அன்னைக்கு உங்ககிட்ட மட்டும் தனியா வேற ஏதாச்சும் சொன்னாருங்களாப்பா?"

முடி விஷயம் மோப்பம் பிடித்துவிட்டாள் என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றும் இல்லையே என்று அவசரமாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி கிடந்தேன். பிசிறு வெட்டும் கட்டர் ஒன்றைக் கம்பெனியிலிருந்து எடுத்துப் பெரிய பெட்டிக்குள் வைத்திருந்தேன். சுங்கத்தில் கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனையே விமானம் இறங்கும்வரை.

ரோமில் இறங்கியதும்தான் என் முட்டாள்தனம் எனக்கே உறைத்தது. அந்தக் கோயிலின் பெயர் தெரியாது, தெரு தெரியாது, போட்டோவும் கிடையாது. வட்டம், தூண், ஆறு, அவ்வளவுதான் நினைவில் இருந்தது. மகளிடம் கேட்டால் கையில் இருந்த சுற்றுலாப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள், ஆனால் ஏன் என்று கேட்பாள். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

முதல் நாள் கொலோசியம். அன்றைக்கு நான் பார்த்தபோது கல் இடுக்கெல்லாம் புல் முளைத்துப் பூனைகள் படுத்திருந்தன. இப்போது வாசலில் அரை மைல் வரிசை. தகரக் கவசம் மாட்டிக்கொண்டு கையில் மரக்கத்தியோடு நாலு தடியன்கள் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். கடைகளில் கொலோசியம் படம் போட்ட டீ-ஷர்ட். கை சும்மா இருக்குமா, ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தேன். தோள் தையல் இழுத்துக்கொண்டிருந்தது. நம்மூர்ச் சரக்குதான். சுபஸ்ரீ அதைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பக்கத்திலேயே இடிந்த மண்டபங்கள் நிற்கும் பழைய சந்தை மைதானத்துக்குப் போனோம். ஒரு வட்டக் கோயிலின் உடைசல் நின்றது, மூன்று தூண்தான் மிச்சம். இதுதானோ, இருபத்தைந்து வருடத்தில் இடிந்துவிட்டதோ என்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அங்கே ஆறு இல்லை. நான் தேடி வந்த கோயில் இது இல்லை என்று தெரிந்ததும் கோபம்கூட வந்தது. இரண்டாம் நாள் பெரிய வட்டக் கோயில் ஒன்று இருக்கிறது என்று ஓட்டல்காரர் சொல்லிப் போனோம். கூரை நடுவில் வண்டிச் சக்கரம் போல ஓட்டை, அது வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. ஊரே வாயைப் பிளந்து மேலே பார்த்தது. எனக்கு அது ஓட்டையுள்ள வேறொரு கோயில், அவ்வளவுதான். போகலாம் வா என்று பத்து நிமிடத்தில் அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. நடக்கச் சொன்னால் நடந்தாள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் சாப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்லிப் பழகியவள், நான் கடையில் காட்டிய தோல் பையைக்கூட வாங்கிக்கொண்டாள். நான் முன்னால் ஓட, பின்னால் இருந்து என்னைப் போட்டோ எடுத்துக்கொண்டே வந்தாள். நான் பொறந்தப்ப நீங்க எங்கெ இருந்தீங்க, என்னெப் பார்த்ததும் என்ன நெனச்சீங்க என்று ஒரு பாலத்தின் மேல் நின்று கேட்டாள். அந்த நேரத்தில் எனக்குப் பாலமும் ஆறும்தான் கண்ணில் தெரிந்தன. அப்புறம் சொல்றேன் கண்ணு என்று சொல்லிவிட்டுக் கரையைத் தேடினேன்.

மூன்றாம் நாள் காலையிலிருந்து ஆற்றோரமாகவே நடந்தோம். அவளுக்கு மூச்சு வாங்கியது, அடிக்கடி நின்றாள். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் இன்னும் கொஞ்ச தூரம் என்று நடத்திக்கொண்டே போனேன். ஒரு வளைவு திரும்பியதும் மரங்களுக்கு நடுவில் அது நின்றது. வட்டம், தூண்கள், ஓட்டுக் கூரை. ஆனால் கரி எல்லாம் போய்ப் பளிச்சென்று இருந்தது. நான் தலைக்கு டை அடித்துக் கருப்பாக்கிக்கொண்டிருந்த காலத்தில், அதைத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் கம்பி வேலி, கதவில் பூட்டு. எதிர்ப்பக்கம் ஒரு சர்ச்சில் சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நின்றார்கள், இந்தப் பக்கம் ஒருவரும் இல்லை.

வேலியைப் பிடித்துக்கொண்டு நான் காசு திணித்த தூணைத் தேடினேன். எல்லாத் தூணும் ஒரே மாதிரி இருந்தது. வெடிப்புகளை எல்லாம் பூசி அடைத்திருந்தார்கள். உள்ளே எந்தச் சாமி இருக்கிறது என்று அவளைக் கேட்டேன். அவள் புத்தகத்தைப் புரட்டிப் படித்துச் சொன்னாள். ரொம்ப நாள் இதை ஒரு பெண் சாமியின் கோயில் என்று நினைத்திருந்தார்களாம். பிறகு அது தப்பு, ஹெர்குலஸ் என்ற சாமிக்குக் கட்டியது என்றார்களாம். நடுவில் பல நூறு வருடம் மாதா கோயிலாகவும் இருந்திருக்கிறது.

"இப்ப?"

"இப்ப உள்ள யாரும் இல்லீங்கப்பா. சும்மா கட்டடந்தான்."

அப்படியானால் அன்றைக்கு என் பேச்சைக் கேட்டது யார்? ஹெர்குலஸ் என்றால், எனக்குத் தெரிந்த கதைப்படி, எங்கள் காவல் சாமி கருப்பராயன் மாதிரி ஆள். அப்படிப்பட்ட சாமி ஒரு பேச்சையும் மறக்காது. யாராக இருந்தாலும் இன்றைக்குக் கொடுத்துவிட வேண்டும், நாளைக்கு விமானம். பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தேன், கட்டரை எடுத்தேன். அவள் இரண்டையும் பார்த்தாள். இனி மறைக்க வழியில்லை. தூண்களைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், தொமானிக் கிழவரிலிருந்து சிவப்புப் பூ வரைக்கும். மருந்து ஏறினால் முடி கொட்டிவிடும் என்று டாக்டர் சொன்னதும் எனக்கு இந்தக் கோயில்தான் கண் முன்னால் வந்தது என்றேன். மூன்று விரல்கட்டை போதும், பின்னால் பார்த்தால் தெரியக்கூடத் தெரியாது, வேலிக்குள் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று கெஞ்சினேன்.

பிறகுதான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"இதுக்குத்தானுங்களா என்னெ இங்கெ கூட்டியாந்தீங்க?" என்றாள். "வேற ஒண்ணுமில்லீங்களா?"

கோபம் என்று நினைத்தேன். வேறு ஒன்றுமில்லை, சத்தியமாக இதற்குத்தான், மன்னித்துவிடு கண்ணு என்றேன். அவள் வேலிக் கம்பியைப் பிடித்தபடியே சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் தெரியவில்லை.

"நான் பொழைக்கமாட்டேன்னு டாக்டர் உங்ககிட்டச் சொல்லிட்டாருன்னு நெனச்சேனுங்கப்பா. சாகறதுக்கு முன்னாடி ஒருக்கா எல்லாத்தையும் காட்டிரலாம்னுதான் கூட்டியாந்திருக்கீங்கன்னு நெனச்சேன். உங்க மூஞ்சியெப் பாத்தா அப்படித்தானுங்க இருந்துச்சு."

நான் கட்டரும் கையுமாக நின்றேன். நதியாவுக்கு எழுதிக் கொடுத்த பாஸ்வேர்டு, மறுபேச்சில்லாமல் சாப்பிட்ட ஐஸ்கிரீம், பாலத்தில் கேட்ட கேள்வி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் மேல் வந்து விழுந்தன. பெயர் தெரியாத ஒரு சாமிக்குப் பயந்து, பெற்ற மகளை இத்தனை நாளாகச் சாகவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவளுக்குப் பயமாக இருக்கிறதா என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. அந்த நிமிடம் எனக்கு என் மேல் வந்த வெறுப்பு சொல்லி மாளாது.

"அப்படியெல்லாம் ஒண்ணுஞ்சொல்லல சாமி. சத்தியமாச் சொல்லல."

"பின்னெ என்ன சொன்னாரு? ஒரு வார்த்தெ விடாமெச் சொல்லுங்க."

எதுவும் மனசில் ஏறவில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் அத்தனையும் வந்தது. இது மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை என்றார். பத்துப் பேருக்கு வந்தால் எட்டுப் பேருக்கு மேல் முழுசாகக் குணமாகிவிடும் என்று விரல் விட்டுக் காட்டினார். கட்டி கழுத்தோடு நிற்கிறது, மற்ற இடத்துக்குப் போகவில்லை. ஆறு மாதம் சிரமப்பட வேண்டும், வாந்தி வரும், வாயில் புண் வரும். கல்யாணம் காட்சி எல்லாம் தாராளமாகப் பண்ணலாம் என்று சொல்லித்தான் அன்றைக்குச் சிரித்தார். முடி கொட்டும், மருந்து நின்றதும் திரும்ப முளைக்கும், முன்னைவிடச் சுருட்டையாகக்கூட வரலாம் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். எட்டுப் பேர் என்று சொன்னபோது மீதி இரண்டு பேரை நினைத்து என் குரல் தடுமாறியது. அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள், ஆனால் கேட்கவில்லை.

முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இப்போதுதான் கோபம் வந்தது. "எனக்கு வந்த நோவுகூட உங்க வேண்டுதலாலெதான் வந்திருக்கோணுங்களாப்பா? எனக்குன்னு ஒரு சீக்குக்கூட வரக்கூடாதுங்களா?" என்றாள். என் பார்வை என்னையறியாமல் அவள் பின்னலுக்குப் போனது. வெட்கம் கெட்டவன் நான், அப்போதும் மணி என்ன, இருட்டுவதற்குள் முடியுமா என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இதெக் குடுக்கமாட்டேனுங்கப்பா. இன்னும் ஒரு மாசந்தான் என்ற தலையில இருக்கும். அது வரைக்கும் எனக்கு வேணும்."

கட்டரைப் பைக்குள் போட்டேன். மஞ்சள் துணியையும் மடித்து உள்ளே வைத்தேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். கொடுக்க வந்து வாசலில் நின்று இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, இது என்னவாக முடியுமோ என்ற நினைப்பு விடவில்லை. ஊரில் பொன்னாத்தாள் கேட்பாளே என்ற பயம் வேறு. ஆனாலும் அந்தக் கையிலிருந்து அந்தப் பின்னலை வாங்க என்னால் முடியாது. எந்தச் சாமி வந்து கேட்டாலும் முடியாது.

எழுந்திரு, ஓட்டலுக்குப் போகலாம் என்று கையை நீட்டினேன். அவள் எழவில்லை. என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

"எதெக் கண்ணு?"

"டாக்டர் சொன்னதெ. மொதல்ல இருந்து."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.